ஓங்கில் தூங்கும் நேரம்

பள்ளி விடுமுறைக்குத் தங்காக்கிலிருந்து லங்காவி போகிறோம். "மாமா, டால்பினோடு நீந்தலாமா?" என்றான் தங்கை மகன். சாம்பல் நிறத்தில் பிறந்து, வளர வளர இளஞ்சிவப்பாகும் ஓங்கில்கள் அங்கே உண்டு. மரைசெட் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறார்கள். பார்க்கலாம், குதிக்கக்கூடாது என்றேன். முகம் வாடிவிட்டது.

ஹவாயில் இரவெல்லாம் இரை தேடும் சுழல் ஓங்கில்கள், பகலில் கரையோர விரிகுடாக்களில் ஓய்வெடுக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் சுற்றுலாப் படகுகளும் வரும். ஓய்வு கெட்டதால், 2021-இல் அமெரிக்க அரசு 45 மீட்டருக்குள் நெருங்கவே தடை போட்டது.

"இரவு ஷிப்ட் முடிந்து தூங்கும் அப்பாவை எழுப்பினால் என்ன நடக்கும்?" என்றேன். சிரித்துவிட்டான்.

படகு பேசும்போதே சொல்லிவிடுங்கள்: துரத்த வேண்டாம், தள்ளியே நிறுத்துங்கள் அண்ணே என்று.