எடைக்குப் போகும் வரலாறு

ஊத்தங்கரை வட்டத்துக் கல்லாவியில், அண்மையில் ஒரு பெரியவரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தேன். உருது பேசும் குடும்பம். பாட்டனாரைத் ‘தாதா’ என்பார்கள். "தாதா புளி வியாபாரம் செய்தவர். அவருடைய கணக்கேடுகளும் கடிதங்களும் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தன. வீட்டை இடித்துக் கட்டியபோது எடைக்குப் போட்டுவிட்டோம்" என்றார். அவர் குரலில் வருத்தமில்லை. அவரைக் குறை கூறவும் எனக்கு மனமில்லை. வைத்துக்கொள்ள விரும்பியிருந்தாலும், யாரிடம் கொண்டுபோய்க் கொடுத்திருப்பார்?

1981-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் கொளுத்தப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலானபோது தமிழுலகம் கண்ணீர் வடித்தது. வடிக்க வேண்டியதுதான். ஆனால், தீயில் அழிவதற்கு அழும் நாம், தராசில் அழிவதற்கு ஏன் அழுவதில்லை?

கல்லாவி வரலாறற்ற ஊரன்று. 1792-ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் கைக்குப் போன பாராமகால் சீமையைச் சேர்ந்தது இது. அச்சீமையை ஆள வந்த அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்தார்கள், தீர்வை விதித்தார்கள், எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள். அந்த எழுத்துகள் சென்னையில் பேணப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘பாராமகால் ஆவணங்கள்’ என்று தொகுதி தொகுதியாக அச்சேறவும் செய்தன. பின்னர் இவ்வூர் சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1965-இல் தருமபுரி மாவட்டத்துக்கும், 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கும் உரியதாயிற்று. ஊர் ஓரடியும் நகரவில்லை. அதன் காகிதங்கள் மட்டுமே ஊர் ஊராக அலைந்தன.

விளைவு என்ன? வரி வாங்கியவன் நம்மைப் பற்றி எழுதியது வாழ்கிறது. வரி கொடுத்தவன் தன்னைப் பற்றி எழுதியது பொட்டலக் காகிதமாகிறது. நாளை ஒரு மாணவன் இவ்வூரின் வரலாற்றை எழுதப் புகுந்தால், துரைமாரின் கண்களைக் கடன் வாங்கித்தான் தன் பாட்டனைப் பார்க்க வேண்டும். இதைவிடப் பெரிய வறுமை உண்டா?

இதற்கு மருந்தாக நான் கேட்பது மாளிகையன்று, ஓர் ஆள். தையலும் கணினியும் மின்பணியும் கற்றுத்தரும் சமுதாயக் கல்லூரி என்னும் ஏற்பாடு 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் முயற்சியால் நம் பக்கம் அறிமுகமாயிற்று. சுற்றுப்புற மக்களுக்காகவே நடப்பது அத்தகைய கல்லூரி. அம்மக்களின் நினைவைக் காக்க அங்கே ஓர் ஆவணக் காப்பாளர் வேண்டும் என்கிறேன்.

"நூலகர் இருக்கிறாரே, போதாதா?" என்பர் சிலர். போதாது. நூல் ஆயிரம் படிகளுள் ஒன்று. ஆவணம் உலகில் ஒன்றே ஒன்று. நூலகர் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்குவார். ஆவணக் காப்பாளரோ, வந்த பெட்டியின் வரிசையைக் குலைக்க அஞ்சுவார். ஒரு கடன்சீட்டின் பொருள் அதனோடு சேர்த்துக் கட்டியிருந்த கடிதத்தில் இருக்கக்கூடும். யார் கொடுத்தது, எந்நாளில் வந்தது, எத்தனை ஏடு என்று வரவுப் பதிவேட்டில் குறிப்பார். கிழிந்த தாளில் பசைநாடாவை ஒட்டவிட மாட்டார். அது காலப்போக்கில் தாளை மஞ்சளாக்கித் தின்றுவிடும் என அறிந்தவர். எதைக் காட்டலாம், எதை இன்னும் சில காலம் மூடி வைக்கவேண்டும் என்றும் அறிந்தவர். ஜமாஅத்தின் திருமண, மணவிலக்குப் பதிவேடுகள் தெருவில் படிக்கத் தக்கவை அல்லவே!

"கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டால் ஆயிற்று" என்பது மற்றொரு வாதம். யாருடையது, எங்கிருந்து வந்தது என்ற குறிப்பில்லாத படம் அநாதைக் குழந்தை. படம் எடுத்தாயிற்று என்ற துணிவில் மூலத்தை எறிந்துவிடுவதே நடைமுறையாகவும் இருக்கிறது.

"இவையெல்லாம் சென்னையில் நடக்கவேண்டிய வேலை" என்பார்க்கு, கோட்டையூர் ரோஜா முத்தையாவை நினைவூட்டுகிறேன். செட்டிநாட்டுச் சிற்றூரில் தனி மனிதராய் அவர் சேர்த்த நூல்களும் துண்டறிக்கைகளும், 1992-இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் முன்வந்து வாங்கிக் காக்கும் அளவுக்குப் பெருமை பெற்றன. அவை இன்று சென்னையில் இருக்கலாம். ஆனால் சேர்த்தவர் சிற்றூரில் இருந்ததால்தான் அவை கிடைத்தன.

நம் பிழையையும் ஒப்புக்கொள்வோம். திருமறையின் சிதைந்த தாள்களைக் கண்ணியத்தோடு புதைக்கிறோம்; நல்ல மரபு. ஆனால், எழுத்து அரபு வடிவில் இருப்பதாலேயே, கடலோர ஊர்களின் அரபுத் தமிழ் ஏடும் இப்பக்கத்து உருதுக் கணக்கும் வேதமென்று எண்ணி மண்ணுக்குள் போனால், அது கண்ணியமா, மறதியா? படித்துப் பிரித்துச் சொல்ல ஓர் ஆள் இருந்தால் இப்பிழை நேராது. ஆண்டுதோறும் பளபளக்கும் விழாமலர் அச்சிடச் செலவிடும் செல்வர்கள், அதில் ஒரு பங்கை இவ்வாளுக்கு ஊதியமாக்கலாகாதா?

பழையவற்றுக்கு மட்டுமன்று இவ்வேலை. இப்பகுதிப் பிள்ளைகள் ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கும் பெங்களூருக்கும் பிழைக்கப் போகிறார்கள். அவர்களின் சம்பளச் சீட்டும், தொழிற்சங்கத் துண்டறிக்கையும், தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் கலந்த கடிதமும் நாளைய வரலாறு. இன்று அவை குப்பை. குப்பைக்கும் வரலாற்றுக்கும் இடையே நிற்பவர் ஒருவரே. அவரைத்தான் நாம் இன்னும் நியமிக்கவில்லை.

ஈரம் புகாத ஓர் அறை, ஒரு பதிவேடு, பயிற்சி பெற்ற ஓர் ஆள். இவை மூன்றும் இருந்திருந்தால், கல்லாவிப் பெரியவர் தம் பெட்டியைத் தராசில் ஏற்றியிருக்க மாட்டார். அடுத்த வீட்டில் இன்னொரு பெட்டி இருக்கிறது. அவ்வீடும் ஒருநாள் இடிபடும்.