கொடுந்தறி

பழம்பாட்டைப் படிக்கும் மாணவரை மிரட்டுவது அருஞ்சொல் என்று பொதுவாகக் கருதப்பட்டாலும், உண்மையில் அவரை வழிதவறச் செய்வது இன்றும் நாவில் புழங்கும் எளிய சொல்லே. அருஞ்சொல்லைக் கண்டவர் அகராதியைப் புரட்டுவார், தெரிந்த சொல்லையோ ஐயமின்றிக் கடந்துவிடுவார். ஷேக்ஸ்பியரின் 'லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்' நாடகத்தின் இறுதியில் வரும் குளிர்காலப் பாட்டில் கிண்ணத்தில் சீறுவது நண்டு என்று வகுப்பறைகளில் கொள்ளப்படுவது இவ்வாறுதான். அங்கே 'கிராப்' என்னும் சொல் குறிப்பது, சுட்டு எடுத்துச் சூடான மதுவில் இடப்படும் காட்டு ஆப்பிள்.

தமிழில் இதற்கு இணையாக வைத்து எண்ணத்தக்கது நெடுநல்வாடை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய இது, ஐப்பசியும் கார்த்திகையுமாகிய கூதிர்க்காலத்தை நக்கீரர் 188 அடிகளில் பாடியது, 1889இல் உ.வே. சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டைப் பதிப்பித்தபோது அச்சில் வந்தது. தலைப்பில் உள்ள வாடை வடக்கிலிருந்து வீசும் குளிர்காற்று. இன்றைய பேச்சில் அது நாற்றம். மழைத்தூவலால் மக்கள் கன்னலில் நீர் பருகவில்லை என்னும் இடத்தில் கன்னலைக் கரும்பென்று கொள்பவருக்கு ஒன்றும் விளங்காது. அது வாய் குறுகிய தண்ணீர்க்கலம். அதை ஒதுக்கியவர்கள் நாடுவது தடவு எனப்படும் வாய் அகன்ற கணப்புச்சட்டியை. ஒரு கலத்தின் குறுவாயையும் மற்றொன்றின் அகல்வாயையும் அடுத்தடுத்து நிறுத்தியே நக்கீரர் குளிரைக் காட்டிவிடுகிறார்.

ஆரணி, வெம்பாக்கம் வட்டாரத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் தடுமாறக்கூடிய இடம் வேறு. கைத்திறன் மிக்க கம்மியன், தறி, நூல் ஆகிய மூன்றும் அப்பாட்டில் ஒரே காட்சியில் வந்து நிற்கின்றன. அடைமழையில் தறிக்குழியில் நீர் ஊறுவதையும், பாவு காயாமல் வேலை நின்றுபோவதையும் அறிந்த கண்ணுக்கு, நெய்வாரின்றிக் கிடக்கும் தறியில் சிலந்தி நூலிழைப்பதாகவே அக்காட்சி தோன்றும். அழகான பிழை அது, ஆயினும் பிழையே. கொடுந்தறி என்பது வளைந்த முளை, அதாவது சுவரில் பொருளை மாட்டிவைக்கும் கொளுவி. கம்மியன் செய்தது செந்நிற வட்ட விசிறி. கோடையில் உதவிய அவ்விசிறியைச் சுருக்கி முளையில் தொங்கவிட்டிருக்க, அதன்மேல் சிலந்தியின் வெண்ணூல் படர்ந்திருக்கிறது. முளை என்னும் அப்பழம்பொருள் முற்றிலும் அழிந்துவிடவில்லை என்பதற்குக் கம்பன் வீட்டுக் கட்டுத்தறி சான்று. அதையும் நெசவுத்தறி என்று வாதிடுவோர் உண்டு.

எனினும் தறித்தெருவின் அறிவு இப்பாட்டுக்குப் பயன்படாமல் போகவில்லை. விசிறி தொங்குகிறது, சந்தனம் அரைக்கும் கல் வேலையின்றிக் கிடக்கிறது, தென்றல் வரும் சாளரம் அடைபட்டிருக்கிறது. பருவத்தை அந்தப் பருவத்தில் பயனற்றுப்போன கருவிகளால் சொல்லும் இம்முறை, வேலை நின்ற வீட்டை அறிந்தவருக்கு உரையின்றியே விளங்கும். போருக்குச் சென்ற அரசனைப் பிரிந்த அரசி பூந்துகிலை விடுத்து மாசேறிய கலிங்கம் உடுத்தியிருப்பதும் அத்தகையதே. கலிங்கம் இங்கே நாடன்று, ஆடை. நூல் ஒளிரும் நல்லாடையில் அழுக்கேற விட்டிருப்பதன் கனத்தை நெய்தவர் அறிவார். அவள் கட்டிலின்மேல் மெழுகு பூசிய படத்தில் திங்களும் உரோகிணியும் எழுதப்பட்டுள்ளன. படம் என்பது ஓவியமன்று, ஓவியம் எழுதிய மேற்கட்டித் துணி. திங்களைப் பிரியாத உரோகிணியை நோக்கி அவள் பெருமூச்செறிகிறாள்.

பள்ளிப் பொழிப்புரைகள் இவ்வளவையும் 'அரசி வருந்தினாள்' என்று சுருக்கிவிடுவதைவிட, நச்சினார்க்கினியரோடு முட்டிமோதுவது நல்லது. அவரும் குற்றமற்றவர் அல்லர். தொலைவில் கிடக்கும் சொற்களைப் பிடுங்கி இணைக்கும் அவரது 'மாட்டு' முறையை மறைமலையடிகள் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியில் கடிந்துள்ளார். ஆனால் நெடுநல்வாடையில் நச்சினார்க்கினியர் எழுப்பிய வழக்கு இன்னும் தீரவில்லை. தலைவியின் பிரிவைப் பாடும் பாட்டு அகப்பாட்டாகவே இருக்கவேண்டும். அகத்திணையில் தலைவன் இன்னான் என்று சுட்டக்கூடாது. பாசறையில் வீரன் ஏந்திய வேலின் தலையிலோ வேம்பு கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளப் பூ. ஆகவே இது புறம் என்றார் அவர். வேப்பந்தழை எல்லார்க்கும் பொது என்று கொண்டு இதை அகத்திலேயே நிறுத்துவோரும் உளர்.