மன உறுதி மட்டுமே வென்றதாம்!



தேர்வுக் காலம் நெருங்கிவிட்டால் நம் பள்ளி மண்டபங்களில் ஒலிபெருக்கியின் ஓசை மிகுந்துவிடுகிறது. தன்முனைப்புப் பேச்சாளர் ஒருவர் வருவார். மாணவர்களை எழுந்து நிற்கச் சொல்வார். "என்னால் முடியும்!" என்று மும்முறை முழங்கச் சொல்வார். பின்னர் ஒரு கதை சொல்வார். வயது முதிர்ந்த வீரர் ஒருவர் தம்மைவிட இளையவரும் உருவத்தில் பெரியவருமான எதிரியை வீழ்த்திய கதை அது. "அவர் எதனால் வென்றார் தெரியுமா? மன உறுதியால்!" என்று முடிப்பார். கைத்தட்டல் கூரையைப் பிளக்கும். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் அகற்றப்பட்ட பின்னும் இவ்வழக்கம் நம்மை விட்டு அகலவில்லை.

அக்கதை பாதி உண்மை. மறைக்கப்படும் மறுபாதியில்தான் ஆசிரியர்களாகிய நமக்குரிய பாடம் இருக்கிறது. பேச்சாளர்களின் மனத்துக்கு உகந்த கதை ஒன்றையே எடுத்துக்கொண்டு இதனை விளக்க விரும்புகிறேன்.

அட்லாண்டிக் சிட்டியில் நடந்தது என்ன?

1989ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24ஆம் நாள். அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி நகரில் உலகக் குத்துச்சண்டை மன்றத்தின் நடுத்தர எடைப் பிரிவுப் பட்டத்திற்கான போட்டி. பட்டத்தைக் கையில் வைத்திருந்தவர் ஐரன் பார்க்லி. வயது 28. உயரம் ஆறடிக்கு மேல். எட்டு மாதங்களுக்கு முன்புதான் தாமஸ் ஹெர்ன்ஸ் என்னும் பெருவீரரை மூன்றாம் சுற்றிலேயே வீழ்த்தி அப்பட்டத்தைப் பெற்றிருந்தார். அவரை எதிர்த்து நின்றவர் பனாமா நாட்டின் ரொபர்தோ துரான். வயது 37. உயரம் ஐந்தடி ஏழு அங்குலம். அவர் முதன்முதலில் உலகப் பட்டம் வென்றது 1972இல், ஏறத்தாழ 61 கிலோ எடை வரம்புள்ள இலகு எடைப் பிரிவில். இப்போதோ 72 கிலோவைத் தாண்டிய வரம்புள்ள பிரிவில் வந்து நிற்கிறார். அதே ஹெர்ன்ஸ் 1984இல் துரானை இரண்டாம் சுற்றிலேயே நினைவிழக்கச் செய்திருந்தார். ஆகவே பார்க்லியிடம் துரான் என்ன ஆவார் என்று பலரும் அஞ்சியதில் வியப்பில்லை.

பன்னிரண்டு சுற்றுகள் நடந்தன. எட்டாம் சுற்றில் பார்க்லியின் இடக்கைக் குத்து துரானை நிலைகுலையச் செய்தது. பதினோராம் சுற்றில் துரானின் அடுத்தடுத்த குத்துகளால் பார்க்லி தரையில் விழுந்தார். முடிவில் நடுவர் மூவருள் இருவர் துரானுக்கும், ஒருவர் பார்க்லிக்கும் வெற்றியளித்தனர். துரான் நான்காவது எடைப் பிரிவில் உலக வெற்றியாளரானார். 'தி ரிங்' இதழ் அப்போட்டியை அவ்வாண்டின் தலைசிறந்த போட்டியாகத் தேர்ந்தெடுத்தது.

இதுவரை பேச்சாளர்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. "எதனால்?" என்ற வினாவில்தான் நாங்கள் பிரிகிறோம்.

மன உறுதிதான் காரணம் என்றால்...

மன உறுதியே வெற்றிக்குக் காரணம் என்போர் மூன்று வினாக்களுக்கு விடை கூறட்டும்.

முதலாவது, 1980 நவம்பர் 25. நியூ ஓர்லியன்ஸ் நகரில் சுகர் ரே லியோனார்டுடன் மோதிய துரான், எட்டாம் சுற்றில் தாமாகவே போட்டியைக் கைவிட்டுத் திரும்பி நடந்தார். "போதும்" என்னும் பொருள்படும் "நோ மாஸ்" என்ற ஸ்பானியச் சொல் அன்றுதொட்டு அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. தாம் அவ்வாறு கூறவில்லை என்று துரான் பின்னாளில் மறுத்தும் பயனில்லை. அதே துரான், அதே ஆண்டு ஜூன் மாதம் மொன்றியல் நகரில் அதே லியோனார்டைப் பதினைந்து சுற்றுகள் மோதி வென்றிருந்தார். ஐந்தே மாதங்களில் ஒருவரின் மன உறுதி ஆவியாகிப் போகுமா? நடந்தது வேறு. முதல் வெற்றிக்குப்பின் கொண்டாட்டங்களில் அவர் உடல் பெருத்தது. அதனைக் குறுகிய காலத்தில் குறைக்க நேர்ந்தது. லியோனார்டோ தம் உத்தியை மாற்றி, நிற்காமல் நகர்ந்து ஆடினார். ஆயத்தம் குன்றியவர், மாறிய வினாத்தாளைக் கண்ட மாணவனைப்போல் திகைத்தார்.

இரண்டாவது, பார்க்லிக்கு மன உறுதி இல்லையா? பதினோராம் சுற்றில் விழுந்தவர் எழுந்தார். இறுதி மணி ஒலிக்கும்வரை நின்று மோதினார். ஒரு நடுவரின் கணக்கில் அவரே வென்றவர். இன்னொரு நடுவர் மட்டும் மாற்றிப் புள்ளியிட்டிருந்தால், துரானுக்கு மன உறுதி போதவில்லை என்று நம் பேச்சாளர்கள் கதையைத் திருப்பியிருப்பார்கள் அல்லவா?

மூன்றாவது, அதே 1989 டிசம்பரில் துரான் லியோனார்டிடம் மீண்டும் தோற்றார். பிப்ரவரியில் மலையாக நின்ற மன உறுதி டிசம்பரில் எங்கே போயிற்று?

வென்றவனுக்கு மன உறுதி இருந்தது என்பதும், தோற்றவனுக்கு அது இல்லை என்பதும் முடிவைப் பார்த்தபின் ஒட்டப்படும் முத்திரைகள். அவை எதையும் விளக்குவதில்லை.

கையில் இருந்தது கல்வி

அப்போட்டியின் ஒளிப்பதிவைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். துரான் ஓடி ஒளியவில்லை. நெடிய கைகளை உடைய எதிரிக்கு எட்டத்தில் நின்றால் அடி நிச்சயம் என்பதை அறிந்து, நெருங்கி நின்றார். வரும் குத்திற்குத் தலையைச் சிறிதளவே விலக்கினார். தோளைச் சுழற்றி அடியின் வேகத்தை வழியவிட்டார். குத்துவதுபோல் பாசாங்கு செய்து எதிரியின் கையை வரவழைத்து, அது திரும்புமுன் தம் வலக்கையைச் செலுத்தினார். வயிற்றில் அடித்துத் தலையின் காவலைக் கீழிறக்கினார். முப்பத்தேழு வயதுக் கால்கள் ஓடாது என்பதால், ஓடத் தேவையில்லாத கலையைக் கையாண்டார்.

இவையெல்லாம் ஒருவர் மேடையேறும்போது ஆவேசத்தில் பிறப்பவை அல்ல. 1968இல் தொழில்முறைப் போட்டியில் இறங்கிய நாள் முதல் இருபத்தோர் ஆண்டுகள் பயின்றவை. எண்பதுக்கும் மேற்பட்ட வெற்றிகளும், கசப்பான தோல்விகள் சிலவும் கற்பித்தவை. அவருக்கு ஆசிரியர்கள் இருந்தனர் என்பதைப் பேச்சாளர்கள் கூறுவதே இல்லை! ரே ஆர்செல், ஃபிரெடி பிரவுன் என்னும் இரு முதியவர்கள் இளமையிலேயே அவரைச் செதுக்கினர். ஆர்செல் 1899இல் பிறந்தவர். எழுபது வயதைக் கடந்தபின் இந்த முரட்டு இளைஞரைப் பயிற்றுவிக்க வந்தவர். ஓங்கி அடிக்க மட்டுமன்று, எப்போது அடிக்க வேண்டும் என்பதையும் எதிரியின் அசைவைப் படிக்கவும் துரான் அவர்களிடம் பயின்றார். 1989இல் அவ்விருவரும் துரானின் மூலையில் இல்லை. ஆயினும் அவர்கள் கற்பித்தது அவருடைய தோளிலும் கழுத்திலும் இருந்தது. ஆசிரியப் பணியின் பெருமைக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

"பனாமா நகரின் எல் சொரியோ குடிசைப் பகுதியில் வளர்ந்த ஏழைச் சிறுவன், ஏழ்மையே அவனை உயர்த்தியது" என்றும் சிலர் உருகுவர். ஏழ்மை யாரையும் உயர்த்தியதில்லை. அப்பகுதியில் பிறந்த எத்தனையோ சிறுவர்கள் பெயரின்றி மறைந்தனர். துரானுக்குக் கிடைத்தவை பயிற்சிக்கூடமும் கற்பிக்கத் தெரிந்த பெரியவர்களும்.

நம் பிள்ளைகளுக்கு இதனால் என்ன கேடு?

பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கத் தெரியாத ஓர் ஆறாம் ஆண்டு மாணவனை எண்ணிப் பாருங்கள். வாய்பாடு தடுமாறுவதால் சமபின்னம் புரியவில்லை. சமபின்னம் புரியாததால் அடுத்தடுத்த பாடங்கள் எட்டவில்லை. அவனுக்குக் குறைந்தது ஒரு சில பாடங்கள் மட்டுமே. அவனை மண்டபத்தில் நிறுத்தி "என்னால் முடியும்" என்று முழங்க வைக்கிறோம். அவனும் நம்பி முழங்குகிறான். மறுநாள் வினாத்தாளில் அதே பின்னம். முடியவில்லை. "மன உறுதி இருந்தால் வெல்லலாம் என்றார்கள். நான் வெல்லவில்லை. ஆகவே என்னிடம்தான் ஏதோ குறை" என்றே அவன் முடிவு செய்வான். பாடக் குறையைப் பிறவிக் குறையாக மாற்றிக் கையில் கொடுத்துவிட்டோம். இது ஊக்கமா? கற்பிக்கத் தவறிய பெரியவர்கள் பழியைக் குழந்தையின் தலையில் இறக்கி வைக்கும் செயல் என்றே நான் கூறுவேன்.

"அப்படியானால் ஊக்கமே வேண்டாமா?" என்று சிலர் கேட்கலாம். வேண்டும். எட்டாம் சுற்றில் அடிபட்ட துரான் தளர்ந்து விடாமல் நின்றதற்குத் துணிவு தேவைப்பட்டது, மறுப்பதற்கில்லை. ஆனால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. செய்யத் தெரிந்தவனுக்கே துணிவு நிலைக்கும். ஒரு கணக்கைத் தானே செய்து சரியான விடை கண்ட குழந்தையின் முகத்தைப் பாருங்கள். எந்த முகாமும் தர இயலாத நம்பிக்கை அதில் இருக்கும். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்றனர் நம் முன்னோர். அம்மியைப் பார்த்து முழங்கினால் நகரும் என்று அவர்கள் கூறவில்லை!

வேண்டுகோள்

ஆசிரிய நண்பர்களே, ஒரு முகாமுக்குச் செலவிடும் முழு நாளை, பின்தங்கிய மாணவர்களைச் சிறு குழுக்களாக அமர்த்தி, ஒவ்வொருவரும் எந்தப் படியில் தடுக்கி விழுந்தனர் என்று கண்டறியச் செலவிடுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களே, முகாமுக்குத் திரட்டும் பணத்தைப் பயிற்சி நூல்களுக்கும் மாலை நேர வகுப்புகளுக்கும் திருப்புங்கள். பெற்றோர்களே, புள்ளி குறைந்து வரும் பிள்ளையிடம் "உனக்கு அக்கறை இல்லை" என்று தொடங்காதீர்கள். "எந்தக் கணக்கு புரியவில்லை?" என்று கேளுங்கள். விடை தெரிந்ததும் பள்ளிக்கு வந்து எங்களிடம் கேளுங்கள். எங்களைக் கேள்வி கேட்பது உங்கள் உரிமை.

துரானின் கதையை மாணவர்களுக்குத் தாராளமாகச் சொல்லுங்கள். முப்பத்தேழு வயதில் அவர் வென்றதைச் சொல்லும்போது, இருபத்தோர் ஆண்டுகள் அவர் கற்றதையும், எழுபது வயதைக் கடந்த ஓர் ஆசிரியர் அவருக்குக் கற்பித்ததையும் சேர்த்தே சொல்லுங்கள்.

சிந்திப்போம், செயல்படுவோம்.