எட்டு யூரோ மீன்



2019ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், திருமணத்தின் 25ஆம் ஆண்டு நிறைவை முன்னிட்டு, நாமும் நம் துணைவியாரும் உரோமை நகர் சென்றிருந்தோம். பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. திருமண நாளன்று இரவு நல்ல உணவகம் ஒன்றில் அமர்ந்து உண்பதென்று ஊரிலேயே முடிவு செய்திருந்தோம்.

அன்று மாலை சந்து ஒன்றில் சிறு கடையைத் துணைவியார் சுட்டிக்காட்டினார். கரும்பலகையில் இத்தாலிய மொழியில் மட்டும் பட்டியல். உள்ளே உள்ளூர்க் குடும்பங்கள். "இங்கேயே சாப்பிடலாங்க" என்றார். நாமோ, சதுக்கத்தை நோக்கியிருந்த வேறோர் உணவகத்தின் வண்ணப் படங்களிலும், வாயிலில் நின்று அழைத்தவரின் இனிய ஆங்கிலத்திலும் மயங்கினோம்.

முதலில் வந்தது கார்பனாரா. முட்டை, பன்றித் தாடை இறைச்சி, பெக்கோரினோ என்னும் செம்மறிப்பால் பாலாடைக்கட்டி, மிளகு ஆகியவற்றைக் கொண்டு உரோமையர் சமைக்கும் பாஸ்தா அது. அவர்கள் அதில் பாலேடு சேர்ப்பதில்லை. பாஸ்தாவையும் பல்லுக்குச் சற்றே உறுதி தெரியும் பதத்தில் இறக்கிவிடுவர். நம் முன் வைக்கப்பட்டதோ பாலேட்டில் மிதந்த குழைந்த கூழ். அடுத்து வந்த மீன் உலர்ந்து, மீண்டும் சூடாக்கிய வாடை வீசிற்று.

உண்டு முடித்தபின் அரைமணி நேரம் எவரும் நம்மைத் திரும்பிப் பார்க்கவில்லை. கேளாமல் கணக்குச் சீட்டை நீட்டுவது விருந்தினரை எழுந்து போகச் சொல்வதற்கு ஒப்பாகும் என்பது அந்நாட்டு வழக்கம். அதனை அறியாத நாம், அவமதிப்பென்று எண்ணிக் கொதித்தோம்.

இறுதியில் வந்த சீட்டில் மீனுக்கு மட்டும் 48 யூரோ. நம் பணத்தில் 3,700 ரூபாய்க்கு மேல். பட்டியலில் 8 என்றல்லவா கண்டோம்! பரிமாறியவர் விலைக்கருகே இருந்த சிறிய எழுத்துக்களின்மேல் விரலை வைத்தார். 'எத்தோ' என்றிருந்தது. 100 கிராமுக்கு அவ்விலை என்று பொருள். மீனோ 600 கிராம். சமைக்குமுன் மீனைக் காட்டி எடையைச் சொல்வது நல்ல உணவகங்களின் முறை. அங்கு எவரும் காட்டவில்லை, நாமும் கேட்கவில்லை.

பணத்தைக் கொடுத்து வெளியேறினோம். அதன்பின் நாம் செய்ததே இக்கட்டுரைக்குக் காரணம். "மீன் வேண்டுமென்று நீதானே சொன்னாய்!" என்று தெருவில் நின்று துணைவியாரைக் கடிந்துகொண்டோம். என்ன வேண்டுமென்று கேட்டவரும் நாம்; அவ்வுணவகத்தைத் தேர்ந்தவரும் நாம். அவர் மறுமொழி கூறாது நடந்தார்.

உரோமைத் தெருக்களில் 1874 முதல் அமைக்கப்பட்டுவரும் இரும்புக் குடிநீர்க் குழாய்கள் உண்டு. வளைந்த குழாயின் வடிவத்தால் அவற்றை மூக்கர்கள் என்றழைப்பர். நல்ல நீர் விலையின்றி இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றுள் ஒன்றினருகே துணைவியார் நின்று, கையால் ஏந்திக் குடித்தார். பின்னர், "கணக்கை ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாங்க. இன்னைக்கு நம்ம கல்யாண நாள்" என்றார். கடைக்காரர் பெற்ற 48 யூரோவைவிட அச்சொல் நம்மை அதிகம் சுட்டது.

மறுநாள் நண்பகல் அச்சந்துக் கடைக்கே சென்றோம். உணவு வருமுன்பே மன்னிப்புக் கேட்டோம். பாலாடைக்கட்டியும் மிளகும் மட்டுமே சேர்ந்த பாஸ்தா வந்தது. இருவர் உண்டதற்கும் அம்மீனின் விலையில் பாதிகூட ஆகவில்லை.

அந்நாடு செல்லும் வாசகர்கள் மீனின் எடையை முன்பே கேட்டறிக. கணக்குச் சீட்டையும் தாமே கேட்டுப் பெறுக. ஏமாந்த கோபத்தை உடன்வந்தவர்மேல் இறக்காதீர். ஏமாற்றியவர் உணவகத்தோடு நின்றுவிடுவார். வீடுவரை நம்மோடு நடந்து வருபவர் வேறொருவர்.