எரிமலைப் பாடம் உபினில் தொடங்கட்டும்

எரிமலைக் கடற்கரையை நேரில் காணச் சிங்கப்பூர்ப் பள்ளி மாணவர்கள் பாலிக்கோ ஹாங்காங்கின் சாய்குங்கிற்கோ செல்வதில் பயன் உண்டு. ஆனால், புவியியல் களப்பயணம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டுமா? ஃபேரர் பார்க்கில் அடுக்குமாடிகளுக்கும் கடைத்தெருவுக்கும் நடுவே வளரும் பிள்ளை, வெட்டவெளியில் நிற்கும் இயற்கைப் பாறையைக் காண்பதே அரிது. பாறையைப் படிக்கப் பழகாத கண்ணுக்குச் சாய்குங்கின் அறுகோணத் தூண்கள் படமெடுக்க நல்ல பின்னணி மட்டுமே. முதல் களம் நம் புலாவ் உபின் தீவாக இருக்கட்டும். வெளிநாடு அதற்கு அடுத்தது.

சிங்கப்பூரில் எரிமலையே இல்லையே என்று கேட்கலாம். இன்று இல்லை, அதன் வேர் இருக்கிறது. 20 கோடி ஆண்டுகளுக்கும் முன், பண்டைய டெத்திஸ் கடலின் தரைத்தட்டு கண்டத்துக்கு அடியில் அமிழ்ந்தபோது பாறைக்குழம்பு உருவானது. மேலே வந்தது எரிமலையாக வெடிக்க, ஆழத்தில் தங்கியது மெல்லக் குளிர்ந்து கருங்கல்லானது. புக்கித் தீமாவிலும் உபினிலும் இருப்பது அந்தக் கல். மெல்லக் குளிர்ந்ததால்தான் அதன் படிகங்கள் வெறுங்கண்ணுக்குத் தெரிகின்றன. அதன் வெடிப்புகளில் பிற்பாடு புகுந்த பாறைக்குழம்பு கரிய பட்டைகளாகக் கிடக்கிறது. எது முந்தியது, எது பிந்தியது என்பதை மாணவரே ஊகிக்கலாம். மழைநீர் அரித்த நெடும்பள்ளங்களைக் கரையோரப் பாறைகளில் அளக்கலாம். இவ்வளவுக்கும் தேவை, சாங்கி முனையிலிருந்து ஒரு சிறு படகுப் பயணம்.

செலவும் ஒரு காரணம். உயர்நிலை மாணவருக்கு அரசின் கல்வி உதவித் திட்டமான எடுசேவ் கணக்கில் ஆண்டுக்குச் சேர்வது 290 வெள்ளி. வெளிநாட்டுப் பயணம் அதற்குள் அடங்காது. மீதியை ஈடுகட்ட முடிந்தவர் போவார், முடியாதவர் தங்கிவிடுவார். உபினுக்கு வகுப்பு முழுவதும் போகலாம். அறிவியல் வழியில் பாறையைப் பார்க்கும் பயிற்சி, பணம் உள்ளவருக்கு மட்டும் கிடைக்கும் கூடுதல் சலுகையாகிவிடக் கூடாது.

உயிருள்ள எரிமலை தரும் உணர்வை எந்தக் கருங்கல்லும் தராது என்பது வலுவான மறுப்பு. அதை ஏற்கத்தான் வேண்டும். 2018 டிசம்பர் 22 அன்று இந்தோனேசியாவின் அனாக் கிரக்காத்தோ எரிமலையின் ஒரு பக்கம் கடலில் சரிந்து எழுப்பிய ஆழிப்பேரலை, சுந்தா நீரிணைக் கரைகளில் 400க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. எரிமலையோரம் மக்கள் ஏன் குடியிருக்கிறார்கள், எச்சரிக்கை ஏன் எட்டவில்லை என்ற கேள்விகளுக்கு உபினில் விடை இல்லை. ஆனால், அந்தக் கேள்விகளைக் கேட்கும் திறன் முன்பயிற்சியால் வருவது; விமானம் ஏறியதும் வந்துவிடாது.

வெளிநாட்டுப் பயணமே வேண்டாம் என்போரும் உண்டு. 2015 ஜூன் 5 அன்று மலேசியாவின் கினபாலு மலையில் நிலநடுக்கம் சிங்கப்பூர்ப் பள்ளி ஒன்றின் 7 மாணவர்களையும் 2 ஆசிரியர்களையும் பறித்தது. அந்த அச்சம் நியாயமானது. அதற்காகக் கதவையே அடைக்க வேண்டியதில்லை. சாய்குங்கின் தூண்கள் ஏறத்தாழ 14 கோடி ஆண்டுகளுக்கு முன் அடங்கிப்போன எரிமலையின் எச்சம். அங்கே வெடிப்புக்கு அஞ்ச வேண்டாம். பள்ளிகள் வரிசையை மாற்றினால் போதும்: உபினில் பாறையை அளந்து, தன் கேள்வியை எழுதிக் காட்டிய மாணவரே அடுத்த பயணத்துக்குத் தகுதியானவர். அந்தப் பயணத்தின் செலவுக்கு வழிதேடுவது பள்ளியின் பொறுப்பு.