வேட்டைக் காலமும் நம் நடைப்பயணமும்



பாரதியார் உலவிய குயில் தோப்பு நம் கருவடிக்குப்பத்தில்தான் இருக்கிறது. ஆனால் பறவைகளைக் கூட்டங் கூட்டமாகக் காண வேண்டுமானால், மேற்கே ஊசுட்டேரிக்குத்தான் செல்லவேண்டும். ஐப்பசி பிறந்ததும் வெளிநாட்டுப் பறவைகள் வரத் தொடங்கும். அவற்றைக் காண நாமும் புறப்படுவோம். அதே பருவத்தில் இன்னொருவனும் புறப்படுகிறான். அவன் கையில் இருப்பதோ நாட்டுத் துப்பாக்கி!

பிரெஞ்சு நாட்டில் வேட்டைக் காலம் இன்னதென்று அரசே அறிவிக்கிறது. கூட்டமாகப் பெருவிலங்கு வேட்டையாடுவோர் பளிச்சிடும் மேலாடை அணியவேண்டும், வழியில் எச்சரிக்கைப் பலகை வைக்கவேண்டும் என்று 2019-இல் அங்கே சட்டம் வந்தது. அப்படியிருந்தும் 2020 டிசம்பரில், வீட்டருகே விறகு வெட்டிய இளைஞர் ஒருவர், காட்டுப்பன்றி என்று எண்ணிச் சுடப்பட்டு உயிரிழந்தார்.

நம் நாட்டிலோ 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் வேட்டைக்குக் கதவடைத்துவிட்டன. ஊசுட்டேரியின் புதுச்சேரிப் பகுதி 2008-இலும், தமிழகப் பகுதி அதன் பின்னரும் பறவைகள் சரணாலயமாயின. மகிழ்ச்சிதான்! ஆயினும் திருட்டு வேட்டை ஒழிந்ததா? திருடன் எச்சரிக்கைப் பலகை நடுவானா? ஆகவே, நம்மை நாமேதான் காத்துக்கொள்ளவேண்டும்.

தனியே செல்லாதீர்கள், ஊர்க்காரர் ஒருவரைத் துணைகொள்ளுங்கள். விடிந்தபின் சென்று, இருட்டுமுன் திரும்புங்கள். புதரோடு புதராகத் தெரியும் பச்சைச் சட்டை வேண்டாம். வெடிச்சத்தம் கேட்டால் பதுங்காதீர்கள். உரக்கக் குரல் கொடுத்து, ஆள் இருப்பதை உணர்த்துங்கள். புதரில் கிடக்கும் உருண்டையை எடுக்காதீர்கள். அது பன்றிக்கு வைத்த வெடியாகவும் இருக்கலாம். வயலோரக் கம்பியைத் தொடாதீர்கள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே திருட்டு மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. யானைக்கே அக்கதி என்றால் நாம் எம்மாத்திரம்?

இவையெல்லாம் வருமுன் காக்கும் வழிகள். நோயின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. கொக்கும் மடையானும் கறியாக விலைபோகும்வரை துப்பாக்கி ஓயாது. சுடுபவனை மட்டும் பழித்துப் பயனென்ன? வாங்கி உண்பவனும் குற்றவாளியே! அக்கறியை நாம் தொடமாட்டோம், விற்பதைக் கண்டால் வனத்துறைக்குச் சொல்வோம் என்று உறுதி பூணுவோம். பறவை அஞ்சாமல் இறங்கும் ஏரிக்கரையில்தான் மனிதனும் அஞ்சாமல் நடக்க முடியும்!