புற்றுநோய் மருந்துக்கு லேசர் வழி: கல்பாக்கம் கைகொடுக்குமா?

ஈசிஆரில் மாமல்லபுரத்தைத் தாண்டி சுமார் 15 கிலோமீட்டர் போனால் கல்பாக்கம். செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டால் கரண்ட் ஞாபகம் வரும், இல்லாவிட்டால் கதிர்வீச்சு பயம் வரும். மருந்து ஞாபகத்துக்கு வராது. ஆனால் அதையும் அங்கிருந்து கேட்கலாம். கேட்க வேண்டிய நேரமும் இதுதான்.

லுட்டீசியம்-177 என்பது ஒரு கதிரியக்கப் பொருள். முற்றிய புராஸ்டேட் புற்றுநோய்க்கும் சில நியூரோஎண்டோகிரைன் கட்டிகளுக்கும் இதை ஊசி மூலம் ஏற்றுகிறார்கள். புற்றுசெல்லைத் தேடி ஒட்டிக்கொள்ளும் ஒரு மூலக்கூறின் முதுகில் ஏறிப்போய், அங்கேயே பீட்டா கதிரை உமிழ்ந்து செல்லை அழிக்கும். ஆனால் வாங்கி ஸ்டாக் வைக்க முடியாது. 6.65 நாளில் பாதி காலி. ஒரு நாள் தாமதமானால் சுமார் 10 சதவீதம் போச்சு. வாராவாரம் புதுசாகத் தயாரித்தே ஆக வேண்டும்.

எதிலிருந்து தயாரிப்பது? லுட்டீசியம்-176 ஐ அணு உலையில் வைத்து நியூட்ரான் பாய்ச்சினால் நேரடியாகவே கிடைக்கும். ஆனால் கூடவே 160 நாள் அரை ஆயுள் கொண்ட ஓர் அசுத்தமும் துளி ஒட்டிக்கொண்டு வரும். மருத்துவமனைக் கழிவுநீருக்கு அது தலைவலி. சுத்தமான வழி இட்டெர்பியம்-176. அது உலையில் நியூட்ரானை வாங்கி, சில மணி நேரத்தில் லுட்டீசியம்-177 ஆக மாறும். இரண்டும் வேறு வேறு தனிமம் என்பதால் வேதியியல் முறையில் மருந்தை மட்டும் பிரித்துவிடலாம்.

இங்கேதான் லேசர் வருகிறது. மண்ணில் கிடைக்கும் இட்டெர்பியத்தில் ஏழு ஐசோடோப்புகள். நமக்கு வேண்டிய 176 அதில் சுமார் 13 சதவீதம்தான். எலெக்ட்ரான் எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் ஒன்றே. எனவே வேதியியலுக்கு ஏழும் அச்சு அசலாக ஒரே பிள்ளை. ஆனால் நியூட்ரான் எண்ணிக்கை மாறுவதால் அணுக்கருவின் எடையும் அளவும் இம்மி மாறும். அணு உறிஞ்சும் ஒளியின் நிறமும் அதற்கேற்ப நகரும். 555.6 நானோமீட்டர் ஒளியில் 174க்கும் 176க்கும் இடையே உள்ள வித்தியாசம் சுமார் 955 மெகாஹெர்ட்ஸ். அந்த ஒளியின் அதிர்வெண்ணோ கிட்டத்தட்ட 54 கோடி மெகாஹெர்ட்ஸ். எஃப்எம் ஸ்டேஷன் பிடிப்பது போலத்தான், ஐந்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான துல்லியத்தில்.

உலோகத்தைச் சூடாக்கி ஆவியாக்கி, சரியாக டியூன் செய்த மூன்று லேசர்களைப் பாய்ச்சுகிறார்கள். 176 மட்டும் படிப்படியாக ஆற்றல் ஏறி, கடைசிப் படியில் ஓர் எலெக்ட்ரானை இழந்து மின்னேற்றம் பெறும். பக்கத்தில் உள்ள மின்தகடு அதை இழுத்துக்கொள்ளும். மற்ற ஆறும் கண்டுகொள்ளாமல் கடந்து போய்விடும்.

உலகச் சந்தையில் இந்த 176க்கு நீண்ட காலம் ரஷ்யாவே முக்கிய ஊற்று. அங்கே ராட்சத மின்காந்தங்களால் பிரிக்கிறார்கள். 2022 உக்ரைன் போருக்குப் பிறகு எல்லோரும் மாற்று தேடுகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் ஒரு நிறுவனம் லேசரில் இறங்கிவிட்டது. இந்தியா இதில் புதுமுகம் இல்லை. டிராம்பே பாபா அணு ஆராய்ச்சி மையமும் இந்தூர் ராஜா ராமண்ணா மையமும் தாமிர ஆவி லேசர், சாய லேசர்களைச் சொந்தமாகவே உருவாக்கியவை. லுட்டீசியம், இட்டெர்பியம் ஐசோடோப்புகளை லேசரில் பிரிப்பது பற்றி பாபா மைய விஞ்ஞானிகள் ஆய்வுக் கட்டுரைகளும் வெளியிட்டிருக்கிறார்கள்.

அப்புறம் ஏன் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை? இதே வித்தையால் யுரேனியத்தையும் செறிவூட்டலாம். அமெரிக்கா பல ஆண்டுகள் பணம் கொட்டி 1999ல் கைவிட்டது. ஈரான் ரகசியமாக முயன்றது 2003ல் வெளியே வந்தது. யுரேனியம் பற்றிய ரகசியத்துக்குக் காரணம் இருக்கிறது. இட்டெர்பியத்துக்கும் அதே திரையைப் போடுவதில்தான் நியாயம் இல்லை. எத்தனை கிராம் பிரிக்கிறோம், எந்த மருத்துவமனைக்குப் போகிறது என்பதை வெளிப்படையாகச் சொன்னால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

சரி, இதில் கல்பாக்கம் எங்கே? இந்தியாவின் லுட்டீசியம்-177 பெரும்பாலும் டிராம்பேயின் துருவா ஆராய்ச்சி உலையை நம்பி நிற்கிறது. மும்பையிலிருந்து விமானத்தில் சென்னைக்கு வராதா என்றால், வரும். ஆனால் ஒற்றை உலை பராமரிப்புக்கு நின்றால் நோயாளியின் தேதியும் தள்ளிப்போகும். மருத்துவ ஐசோடோப்புக்கென்றே தனி ஆராய்ச்சி உலை, தனியார் பங்களிப்போடு கட்டப்படும் என்று 2020 மே மாதம் மத்திய அரசு அறிவித்தது. புது உலை கட்டுவது வருஷக் கணக்கு வேலை.

கனடா வேறு ரூட் பிடித்தது. புரூஸ் மின்நிலையத்தின் 7வது அலகில், 2022 முதல் கரண்ட் எடுக்கும்போதே இட்டெர்பியம்-176 ஐ உள்ளே அனுப்பி லுட்டீசியம்-177 எடுக்கிறார்கள். அதற்காக உலையை நிறுத்துவதில்லை. அது கனநீர் உலை. கல்பாக்கம் சென்னை அணுமின் நிலையத்தில் இருப்பதும் அதே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு 220 மெகாவாட் உலைகள்தான். மருந்து வேலையும் இந்த ஊருக்குப் புதிதல்ல: அங்குள்ள வேக ஈனுலை எஃப்பிடிஆரில், எலும்புக்குப் பரவிய புற்றுநோயின் வலியைக் குறைக்கும் ஸ்ட்ரான்ஷியம்-89 தயாரித்திருக்கிறார்கள்.

தடைகள் இல்லாமல் இல்லை. மின்நிலையத்தின் முதல் அலகு 2018 தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது. புரூஸ் உலையின் அளவோடு ஒப்பிட்டால் நம்முடையது சின்னது. குழாய் அமைப்பைப் புதிதாக வடிவமைக்க வேண்டும், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ‘பழைய உலை’ என்ற சாக்கு மட்டும் செல்லாது. புரூஸ் 7வது அலகும் கல்பாக்கம் இரண்டாவது அலகும் வணிகரீதியாக மின்சாரம் தரத் தொடங்கியது ஒரே வருஷம்: 1986.